பழைய மரத்தில் ஒரு புறவாசல் கதவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீரவநல்லூர் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுப் புறவாசலுக்கு, இடித்த வீட்டு மரத்தை வைத்து நானே ஒரு கதவு செய்தேன். அதற்கு முன்பு நான் மரத்தில் செய்தது ஒரு புத்தக அலமாரி மட்டும்தான். கதவைப் பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மரம் எங்கிருந்து வந்தது?

சேரன்மகாதேவி பக்கம் என் பெரியப்பா வீடு. மச்சு வைத்த பழைய வீடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில் அந்த வீட்டின் முன்பகுதியான தார்சாவிலும் கூடமான பட்டாசலிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. தண்ணீர் வடிந்த பிறகு மண்சுவர் அடியில் கரைந்து நின்றது. அடுத்த ஆண்டு வீட்டை இடித்தார்கள்.

கீழ்க்கதவுகள் நாள்கணக்கில் ஊறி, சட்டத்துக்குச் சட்டம் பிளந்துபோய்விட்டன. மச்சுப் பலகைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்க வந்த வியாபாரி மொத்தத்துக்கும் ஒரு விலை பேசிக்கொண்டிருந்தபோது, பத்துப் பலகையை மட்டும் எனக்கு ஒதுக்கச் சொன்னேன். பெரியப்பா பிறந்ததிலிருந்து நடந்த பலகைகள். அவை யாரோ ஒருவர் வீட்டுக்கு டீப்பாயாகப் போவதில் எனக்கு மனமில்லை.

முதல்முறையாகச் செய்கிறவர் கதவில் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆனால் வாசல் கதவில் வேண்டாம். புறவாசல், தொழுவம், மாடிப்படிக் கதவு இவற்றில் ஒன்றில் தொடங்குங்கள். கதவு என்பது அலமாரி மாதிரி ஓரிடத்தில் நிற்கிற பொருள் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு மீதி எடை முழுக்க அந்தரத்தில் தொங்குகிறது. அதோடு ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். இந்த இரண்டையும் புரிந்துகொள்ளத்தான் எனக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயிற்று.

பழைய மரம்தான் வேண்டுமா? புதிய பலகை வாங்கினால் வேலை சுலபம்தானே?

வேலை சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பலகைகள் முதிர்ந்த மரத்தில் அறுத்தவை. உறுதியான நடுமரமான வைரம் அதிகம், அதைச் சுற்றியிருக்கும் வெளிமரமான வெள்ளை குறைவு. தேக்கில் செல், அதாவது கறையான், அரிக்காமல் தாங்குவது வைரம்தான். வெள்ளைப் பகுதி அப்படித் தாங்காது. இன்று கடைகளில் வரும் பல பலகைகளில் விளிம்பெல்லாம் வெள்ளையாக இருப்பதைப் பார்க்கலாம். இன்னொன்று, பழைய பலகை பல பத்தாண்டு வெயிலும் மழையும் பார்த்து, வளைய வேண்டியதில் பெரும்பகுதி வளைந்து முடிந்தது. புதிய பலகை உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் வளையலாம்.

வாங்குவதாக இருந்தால் எங்கே வாங்குவது? எப்படி அளப்பது?

பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், தென்காசி பக்கங்களில் பழைய மரக்கடைகள் இருக்கின்றன. வீடு இடிக்கிற இடத்திலேயே பேசி வாங்கினால் எந்த மரம் வீட்டில் எங்கே இருந்தது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மச்சில் இருந்ததா, கழிவறைப் பக்கம் இருந்ததா என்பது முக்கியம்.

விலை கன அடிக்குத்தான் பேசுவார்கள். கணக்கு எளிது. நீளம் அடியில், அகலமும் கனமும், அதாவது தடிமனும், அங்குலத்தில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுங்கள். 7 அடி நீளம், 9 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகை என்றால் 94.5-ஐ 144-ஆல் வகுக்க, 0.66 கன அடி. பேசும்போதே கேட்டுவிடுங்கள்: உளுத்த முனையும் சேர்த்தா அளவு, அதைத் தள்ளியா? இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும்.

என் கதவு 6 அடி உயரம், 33 அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். குறுக்குச் சட்டம், சாய்சட்டம் எல்லாம் சேர்த்து முடிந்த கதவில் சுமார் 1.8 கன அடி மரம் இருக்கிறது. அதற்கு எனக்கு 3 கன அடி தேவைப்பட்டது. ஆணி ஓட்டை, வெடிப்பு, உளுத்த முனை என்று மிச்சமெல்லாம் கழிந்தது. பழைய மரம் வாங்கினால் இந்தக் கழிவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

தேக்குதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓர் ஓரத்தில் இழைப்புளியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மேலே எவ்வளவு கறுத்திருந்தாலும் உள்ளே பொன்பழுப்பு நிறமும் கரும்பழுப்புக் கோடுகளும் தெரியும். தோல் போல ஒரு வாசனையும், தொட்டால் லேசான எண்ணெய்ப் பசையும் இருக்கும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கு மட்டும் இல்லை. வேங்கை சிவப்பும் மஞ்சளும் கலந்திருக்கும், அதன் சீவலைத் தண்ணீரில் போட்டால் நிறம் இறங்கும். நல்ல கதவு மரம். செங்கோட்டைப் பக்கம் ஆயினிப் பலகைகள் நிறைய வரும். 1956 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் அது, மலையாளத்து வீடுகளின் மரப் பழக்கம் அங்கேயும் உண்டு. ஆயினி மஞ்சளாக இருக்கும், அதிலும் கதவு செய்யலாம். கோங்கு இரும்பு மாதிரி கனக்கும். நிலைக்கு நல்லது, புதியவர் கைக்குக் கதவு செய்யக் கஷ்டம். வேம்பில் செல் அவ்வளவாக ஏறாது, ஆனால் வெடிக்கும். பனங்கையைக் கதவுக்கு நினைக்கவே வேண்டாம். வெளிப்பக்கம் உறுதி, உள்பக்கம் சோறு. அதன் சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பதும் பெரும்பாடு.

செல், உளு இருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். செல் அரித்த இடத்தில் மண் இருக்கும். உளு விழுந்த மரத்தில் குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டைகள் இருக்கும், தட்டினால் மாவு கொட்டும். ஓட்டை மட்டும் இருந்து மாவு கொட்டவில்லை என்றால் பூச்சி எப்போதோ போயிருக்கலாம். சுத்தமாகத் துடைத்து, அடியில் வெள்ளைத் தாள் விரித்து இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். தாளில் புது மாவு விழுந்தால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது.

திருப்புளியால் குத்திப் பார்ப்பதுதான் என் வழி. உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை உறுதியான மரம் வருகிற வரை அறுத்துத் தள்ளுங்கள். கதவுக்கு மிச்ச நீளம் போதவில்லை என்றால் அந்தப் பலகை குறுக்குச் சட்டத்துக்கு ஆகும்.

ஆணி?

பழைய மரத்தில் ஆணிதான் முதல் வேலை. ஒரே ஓர் ஆணி மிஞ்சினாலும் இழைப்புளி வாய் போய்விடும். மில்லில் கொடுத்து அறுக்க நினைத்தால், ஆணி இருக்கிற மரத்தை அவர்கள் தொடவே மாட்டார்கள். அதுவும் சரிதான், வாள் அறுந்து தெறித்தால் ஆளுக்கு ஆபத்து.

பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டிப் பலகைமேல் மெதுவாக ஓட்டினேன். கண்ணுக்குத் தெரியாத, தலை உடைந்த ஆணிகள் அப்படித்தான் அகப்பட்டன. பத்துப் பலகையில் அறுபதுக்கு மேல் எடுத்தேன். இழுத்தால் தலை கழன்று வருகிற ஆணியைப் பின்பக்கம் இருந்து தட்டி வெளியேற்றுவது நல்லது. ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகிற கறை அது, அழுகல் இல்லை. நான் அதைப் போக்கவில்லை. மச்சில் எங்கெங்கே உத்தரம் இருந்தது என்று அந்தக் கறை வரிசையைப் பார்த்தே சொல்லலாம்.

மேலே பழைய பெயிண்ட் இருந்தால்?

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயிண்டில் ஈயம் நிறைய இருந்திருக்கலாம். அந்தத் தூசு குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டுங்கள், சுரண்டியதைப் பையில் கட்டுங்கள், முற்றத்தில் விடாதீர்கள். தேக்குத் தூசும் சிலருக்கு அரிப்பு, தும்மல் கொண்டுவரும். முகமூடி இல்லாமல் எந்த மரத்தையும் தேய்க்க வேண்டாம்.

நிலையை எப்படி அளப்பது?

நான் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அளந்தேன், 33 அங்குலம். பிறகு எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்கச் சொன்னார். மேலே 32¾, கீழே 33¼. சுவர் ஒரு பக்கம் அமர்ந்ததில் நிலையும் சாய்ந்திருக்கிறது. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தால் இரண்டும் சமமாக வர வேண்டும். எனக்கு அரை அங்குலம் வித்தியாசம் வந்தது.

பழைய வீட்டு நிலைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நிலையைத் திருத்தப் போனால் சுவரை உடைக்க வேண்டிவரும். அதனால் கதவைப் பெரிய அளவுக்கே செய்து, நிலையில் வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு இழைத்துக்கொள்ளுங்கள். பக்கங்களில் 3 மில்லிமீட்டர், அடியில் 10 மில்லிமீட்டர் இடம் விடுங்கள்.

ஆசாரி அன்று சொன்னது இன்னொன்றும் உண்டு: “தம்பி, கதவு வரைஞ்சிட்டு மரம் தேடாதே. பலகை ஒவ்வொண்ணையும் தரையில பரப்பி, எதுல எவ்வளவு நல்ல மரம் இருக்குன்னு சாக்பீஸால கோடு போடு. அப்புறம் வரை.” தாளில் நான் வரைந்து வைத்திருந்த கதவுக்கு 8 அங்குலப் பலகை நான்கு வேண்டும். என்னிடம் 8 அங்குலம் தேறியது இரண்டுதான். 7 அங்குலம் என்றால் ஆறு தேறியது. படத்தை மாற்றினேன்.

எந்த வகைக் கதவு புதியவருக்கு நல்லது?

பலகைக் கதவு. நெட்டுக்கு ஐந்து பலகை, பின்னால் குறுக்காக மூன்று சட்டம், அவற்றுக்கு நடுவே சாய்வாக இரண்டு சட்டம். சட்டத்தில் காடி என்கிற பள்ளம் போட்டு உள்ளே பலகை நுழைக்கிற கதவு பார்க்க அழகு. ஆனால் சட்டத்துக்குச் சட்டம் துளையும் நாக்கும் முடி அளவு பிசகாமல் வர வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு கதவு செய்து பழக வேண்டும் என்று நினைக்கிறேன்.

பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் சும்மா வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். அதனால் விளிம்பில் அரை அங்குல அகலத்துக்குப் பாதிக் கனத்தை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும்படி செய்தேன். 7 அங்குலப் பலகை ஐந்து, நான்கு இடத்தில் அரை அங்குலம் ஏறுகிறது: 35-இல் 2 போக 33. கணக்கு இப்படித்தான் நேராக வந்தது.

சாய்சட்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும்?

எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சாய்சட்டத்தின் கால் கீல் பக்கம் கீழே இருக்க வேண்டும். தலை, தாழ்ப்பாள் பக்கம் மேலே போக வேண்டும்.

கதவின் எடை தாழ்ப்பாள் பக்க மூலையைத்தான் கீழே இழுக்கும். அந்த மூலையைச் சாய்சட்டம் கீழிருந்து முட்டுக் கொடுத்துத் தாங்கி, எடையைக் கீல் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டிக்கு முட்டுக்கட்டை கொடுப்பது மாதிரி. நான் முதலில் தலைகீழாகப் போட்டேன். அழகுக்கு எப்படிப் போட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். சித்திரையில் மாட்டிய கதவு ஆனிக்குள் முனை தாழ்ந்து தரையில் உரசியது. திருகாணியை இறுக்கினேன், கீலை மாற்றினேன், ஒன்றும் நிற்கவில்லை. தலைகீழாக இருக்கும்போது அந்தச் சட்டம் முட்டுக் கொடுக்காமல் இழுபடுகிறது. இழுபடும்போது பிடித்திருப்பது திருகாணி மட்டும்தான். கழற்றித் திருப்பிப் போட்ட நாளோடு தாழ்வது நின்றது.

இரண்டு சாய்சட்டமும் ஒரே திசையில்தான் சாய வேண்டும். முனைகள் குறுக்குச் சட்டத்தில் சிறு வெட்டுக்குள் முட்டி உட்கார வேண்டும். சும்மா மேலே வைத்துத் திருகினால் வழுக்கும். படுக்கை வாக்கில் இருந்து 45 பாகைக்குக் குறையாமல் நிமிர்ந்து நின்றால் நல்ல பலம்.

பசை போடலாமா?

பலகையையும் குறுக்குச் சட்டத்தையும் பசை போட்டு ஒட்டவே கூடாது.

மரம் நெட்டுக்கு ஏறக்குறைய நீளவே நீளாது. அகலத்தில்தான் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். நெட்டுப் பலகை அகலத்தில் உப்ப விரும்பும்போது, குறுக்கே ஓடுகிற சட்டம் அதை விடாது. ஒட்டிவிட்டால் ஏதாவது ஒன்று தோற்க வேண்டும்: பலகை வெடிக்கும், அல்லது கதவு வில்லாக வளையும். நான் சித்திரை வெயிலில், பலகைகளை இடைவெளியே இல்லாமல் இறுக்கி, பசையும் போட்டேன். ஐப்பசி மழை தொடங்கிய பத்தாம் நாள் கதவு நடுவில் வயிறு தள்ளி நிலையில் மாட்டிக்கொண்டது. அம்மா இரண்டு வாரம் முன்வாசல் வழியாகச் சுற்றித்தான் தொழுவத்துக்குப் போனார்கள்.

தை பிறந்து காய்ந்த பிறகு கழற்றினேன். பசை பிடித்திருந்ததால் பெயர்க்கும்போது ஒரு பலகை நெடுக வெடித்தது. அந்தப் பலகைக்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. ஆறாவதாகத் தேறியிருந்த பலகையை அங்கே போட்டேன். இந்த முறை பலகைக்குப் பலகை 2 மில்லிமீட்டர் இடைவெளி. திருகாணிக்குச் சட்டத்தில் நீள்வட்ட ஓட்டை, பலகை நகர இடம் கொடுக்க. அடுத்த மழைக்காலத்தில் கதவு 5 மில்லிமீட்டர் அகன்றதை அளந்தே பார்த்தேன், ஆனால் உரசவில்லை. மழைக்காலத்தில் செய்கிறவர்கள் இந்த இடைவெளியை விட வேண்டியதில்லை, மரம் ஏற்கெனவே உப்பித்தான் இருக்கும்.

வேறு வேலைக்குத் தேக்கை ஒட்ட வேண்டியிருந்தால், ஒட்டும் இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். அதன் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது.

என்னென்ன கருவி வேண்டும்?

கைவாள், இழைப்புளி, முக்கால் அங்குல உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், டிரில்லிங் மெஷின். நீளமாக அறுப்பதை மில்லில் கொடுத்துவிட்டேன். பலகைகளை நெருக்கிப் பிடிக்க நீளமான கிளாம்ப் இல்லை. தேங்காய்நார்க் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் கம்பு கொடுத்து முறுக்கினேன். நன்றாகவே பிடித்தது.

குடுமிக் கதவாகச் செய்யலாமா?

பெரியப்பா வீட்டில் அப்படித்தான் இருந்தது. கதவின் மூலையிலேயே மேலும் கீழும் குடுமி விட்டு, நிலையில் உள்ள குழியில் சுழல விடுவது. குடுமி வரும் பலகைக்குக் கனமும் உறுதியும் அதிகம் வேண்டும். மச்சுப் பலகையில் அது கிடைக்காது, அதனால் கீல்தான் போட்டேன்.

கீல் மாட்டுவது எப்படி?

தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. என் கதவு 33 கிலோ வந்தது. நீண்ட கை உள்ள டி கீல் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு குறுக்குச் சட்டத்தின் நேரே. கீலைப் பலகையில் மட்டும் திருகாதீர்கள், சட்டத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு ஆள் தனியாக மாட்ட முடியாது. அடியில் ஆப்பு வைத்து உயரம் சரிசெய்து, தங்கச்சி மாப்பிள்ளை பிடித்துக்கொள்ள, முதலில் மேல் கீலில் ஒரே ஒரு திருகாணி, அப்புறம் கீழ்க் கீலில் ஒன்று, திறந்து மூடிப் பார்த்த பிறகு மற்றவை. பித்தளைத் திருகாணி போடுவதானால் முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். நேராகப் போட்டால் தேக்கின் வைரத்தில் பித்தளை முறிந்துவிடும்.

பாலிஷா, எண்ணெயா?

புறவாசலுக்கு எண்ணெய் போதும். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காய விட்டு. ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி. இரண்டு பக்கமும், மேல், கீழ் விளிம்புகளும் ஒன்றுபோல் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈரம் குடிக்காது, கதவு வளையும். அடி விளிம்பைக் கதவை மாட்டும் முன்பே பூசிவிடுங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பழைய வீட்டு மரத்தை வீட்டில் சேர்க்கலாமா? பெரியவர்கள் ஒன்றும் சொல்லவில்லையா?

ஆச்சி கேட்டார்கள். இடிந்த வீட்டு மரம் ஆகாது என்று ஒரு பேச்சு எங்கள் பக்கம் உண்டு. நான் வாதாடவில்லை. பலகைகளைத் தொழுவத்தில் அடுக்கி, இடைக்குச்சி வைத்துக் காயப் போட்டிருந்தேன். ஆச்சி வந்து ஒரு பலகையைத் தடவிப் பார்த்து, “இது மச்சுல நெல்லுக் குவிச்ச இடம்லா” என்றார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த மச்சில்தான் நெல் காவல் இருந்தார்களாம். கதவு மாட்டிய அன்று அவர்களே மஞ்சள் தண்ணீரால் துடைத்து, மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது தயங்கினால், மரம் எந்த வீட்டில் எங்கே இருந்தது என்பதைத் தெரிந்து சொல்லுங்கள். கதை தெரிந்த மரத்துக்கு அவ்வளவு தயக்கம் வராது.

எவ்வளவு நாள் ஆயிற்று?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்து, ஆணி எடுக்கவும் சுரண்டவும் ஒரு மாதம், கதவுக்கு இரண்டு மாதம். பிறகு இரண்டு முறை கழற்றித் திருத்தியது தனி.

மிச்ச மரத்தை என்ன செய்தீர்கள்?

குட்டைத் துண்டுகளில் அம்மாவுக்கு ஒரு மணை செய்தேன். வெடித்த பலகையை எறியவில்லை. அதில் நான்கு அடிக்கு நல்ல மரம் இருக்கிறது. பெரியப்பா புதிதாகக் கட்டியிருக்கும் வீட்டில் பூஜை அலமாரிக்குக் கதவு இல்லை. நிலையை மூன்று இடத்தில் அளந்து வைத்திருக்கிறேன்.